கோயில் சிலையும் இருப்புப் பேரேடும்



நமது இதழில் வரி, எடை முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், கடை வாடகை இவை பற்றி எழுதுவதே வழக்கம். இம்முறை கோயில் சிலைத் திருட்டைப் பற்றி எழுதுகிறேன். "மளிகைக் கடைக்காரனுக்கும் சிலைத் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு விதத்தில் சம்பந்தம் உண்டு.

முதலாவது, நம் ஊர்களில் கோயிலும் கடைத்தெருவும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தவை. மகமை பிரித்துக் கோயில் திருப்பணி செய்தவர்கள் நம் முன்னோர்கள். இன்றும் பல ஊர்களில் ஒரு நாள் மண்டகப்படி வணிகர்களுடையது. நம் உறுப்பினர்களில் பலர் அறங்காவலர்களாகவும் கட்டளைதாரர்களாகவும் இருக்கிறார்கள். இரண்டாவது, சிலைத் திருட்டு என்பது அடிப்படையில் ஒரு வியாபாரம். அதிலும் கொள்முதல் உண்டு, தரகு உண்டு, பில் உண்டு, ஏற்றுமதி உண்டு. போலீசார் அதைக் குற்றமாகப் பார்க்கிறார்கள். ஆய்வாளர்கள் அதைக் கலையின் இழப்பாகப் பார்க்கிறார்கள். வரவு செலவு தெரிந்த நாம் அதைக் கணக்காகப் பார்த்தால், எந்த இடத்தில் அடைத்தால் அந்த வியாபாரம் படுக்கும் என்பது விளங்கும்.

விளையாத சரக்கு

துவரம் பருப்பு விலை ஏறினால் என்ன நடக்கும்? அடுத்த பட்டத்தில் விவசாயி கூடுதலாக விதைப்பார். மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து விலை தானே இறங்கும். விலை ஏற்றமே வரத்தைக் கூட்டிவிடும் என்பது நாம் அன்றாடம் காணும் உண்மை.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனி அப்படிப்பட்ட சரக்கு அல்ல. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். பிறகு மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான். அதே அச்சில் இன்னொன்று வராது. பதினோராம் நூற்றாண்டில் செய்தது எவ்வளவோ அவ்வளவுதான் சரக்கு. உலகத்தில் பணக்காரர் எண்ணிக்கை கூடக் கூட, அந்த இருப்புக்கு விலை ஏறிக்கொண்டே போகும்.

விலை ஏறினாலும் புது உற்பத்தி இல்லை என்றால் வரத்து எங்கிருந்து வரும்? மூன்றே வழிதான். ஒன்று, கோயிலில் இருப்பதைத் திருடுவது. இரண்டு, மண்ணில் புதைந்து கிடப்பதைத் தோண்டி எடுத்து மறைப்பது. மூன்று, போலி செய்து பழையது என்று விற்பது. ஆகவே பருப்புக்கும் மிளகாய்க்கும் நன்மை செய்யும் விலை ஏற்றம், இந்தச் சரக்குக்குக் கேட்டையே செய்கிறது.

கைமாறும் விலை

பொது ஆவணங்களில் பதிவான மூன்று சிலைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தஞ்சைப் பகுதியில் உள்ள சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்து, கோயிலில் வைக்கப்பட்டன. அதில் ஒரு நடராசர். சில ஆண்டுகள் கழித்துப் பழுதுபார்க்கச் சிலைகளை வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல். மூலச் சிலை கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. கோயிலில் இருப்பது போலி என்று 1965இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் ஒருவர் தம் நூலில் எழுதிய பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அந்தச் சிலையை 9 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் சமரசம் ஏற்பட்டு, பத்தாண்டு அங்கே காட்சிக்கு வைத்துக்கொண்ட பிறகு 1986இல் சிலை திரும்பியது.

இரண்டாவது, அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூர். 1976இல் அங்கே ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது நடராசர் உள்ளிட்ட சிலைகள் கிடைத்தன. அவர் கைக்குக் கிடைத்தது ஒரு சிறு தொகை. 1982இல் ஒரு கனடா நாட்டு எண்ணெய்க் கம்பெனி அந்த நடராசரை லண்டனில் வாங்கியபோது விலை சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு. லண்டன் போலீசார் சிலையைக் கைப்பற்றினார்கள். இடிந்து கிடந்த பத்தூர் விசுவநாத சுவாமி கோயிலே வாதியாக நின்று வழக்காடியது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூடச் சாட்சியாயின. 1988இல் கோயிலுக்குத் தீர்ப்பு. மேல்முறையீட்டிலும் 1991இல் அதுவே உறுதியாகி, சிலை தமிழ்நாட்டுக்கு வந்தது.

மூன்றாவது, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். பூட்டிக் கிடந்த சோழர் காலச் சிவன் கோயிலிலிருந்து 2006 வாக்கில் சிலைகள் களவு போயின. அவற்றில் நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 20 கோடி ரூபாய். விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து அந்தச் சிலையைத் திருப்பித் தந்தார்.

இந்த மூன்றிலும் ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. நம் தொழிலில் ஒரு மூட்டை அரிசி நெல் மண்டியிலிருந்து சில்லறைக் கடை வரும்வரை ஒவ்வொரு கையும் நூற்றுக்கு இரண்டு, ஐந்து, பத்து என்று லாபம் வைக்கிறது. சிலை வியாபாரத்தில் தோண்டி எடுத்தவனுக்கும் பூட்டை உடைத்தவனுக்கும் கிடைப்பது கடைசி விலையில் ஒரு துளி. லாபம் முழுவதும் நடுவில் இருக்கிறது. ஏன்? அந்த இடத்தில்தான் திருட்டுச் சரக்கு, "நேர்மையான" சரக்காக மாற்றப்படுகிறது. அந்த மாற்றத்துக்கான கூலிதான் அந்தப் பெரிய லாபம்.

பில் இல்லாத சரக்கு

திருட்டு மாலைக் கடையில் வைத்து விற்க முடியாது. ஒரு பில் வேண்டும். பழம்பொருள் வியாபாரத்தில் அந்தப் பில்லுக்குப் பெயர் உடைமை வரலாறு. இந்தச் சிலை யாரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டில் போனது, எந்த நாட்டை விட்டு எப்போது வெளியேறியது என்று காட்டும் காகிதங்கள்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கைவினைப் பொருள் எதையும் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. ஓலைச்சுவடி, கையெழுத்துப் படி போன்றவற்றுக்கு 75 ஆண்டு. உலக அளவில் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் ஏற்பட்டது. ஆகவே வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் வாங்கும்போது, இந்தச் சிலை 1970க்கு முன்பே இந்தியாவை விட்டு வந்ததா என்று கேட்கின்றன.

கள்ள வியாபாரி செய்வது என்னவென்றால், அதற்கு ஏற்ற பழைய தேதியிட்ட ரசீதைத் தயாரிப்பான். ஸ்ரீபுரந்தான் நடராசரும் சட்டம் வருவதற்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகத்தான் காகிதம் காட்டினார்கள். ஏற்றுமதிக்கு இன்னொரு காகிதம். சுங்கத்தில் பழைய சிலையைப் புதுக் கைவினைப் பொருள் என்று சொல்லிப் பெட்டி கட்டுவார்கள்.

இதனால் நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு எவ்வளவு தொல்லை என்பதையும் நினைக்க வேண்டும். சுவாமிமலை ஸ்தபதி நேற்று வார்த்த புதுச் சிலையை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், இது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. கலப்படக்காரன் ஒருவன் செய்யும் வேலைக்காகக் கடைத்தெரு முழுவதும் மாதிரி எடுக்கிறார்கள் அல்லவா, அது போலத்தான்.

தண்டனையும் வெகுமதியும்

சட்டத்தின் கணக்கையும் பார்ப்போம். அனுமதியின்றிப் பழம்பொருளை ஏற்றுமதி செய்தால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவுப்படி, வழிபாட்டு இடத்திலிருந்து சிலையைத் திருடினால் ஏழாண்டு வரை சிறை. கோடிக்கணக்கில் லாபம் வரும் தொழிலுக்கு மூன்றாண்டு என்பது சிறிய செலவு என்று பெரிய புள்ளிகள் கணக்குப் போடுவார்கள். பிடிபடுவது நூற்றில் ஒருவர் என்றால், அந்தச் செலவு இன்னும் குறைந்துவிடும். தண்டனையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதைவிட, பிடிபடுவது நிச்சயம் என்ற நிலையை உண்டாக்குவதே திருடனின் கணக்கைக் கெடுக்கும்.

சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது 2022 நவம்பரில். கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினொரு ஆண்டு. அவரும் அவரைச் சார்ந்தவர்களும் கடத்திய பொருள்களில் நியூயார்க் அதிகாரிகள் 2011 முதல் 2022 வரை மீட்டவை மட்டும் 2,500க்கு மேல். மதிப்பு 14 கோடி டாலருக்கும் அதிகம்.

இது திருடனைப் பற்றிய கணக்கு. மண்ணில் கண்டெடுப்பவனைப் பற்றிய கணக்கு வேறு. நம் நாட்டில் இதற்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒரு செப்புச் சிலை. உலோகம் கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 42,000 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு 8,400. ஆக மொத்தம் 50,400 ரூபாய். அதுவும் பலருக்குப் பங்காகலாம். அதே சிலைக்கு வெளிச்சந்தையில் கோடிகள். இரவில் வரும் தரகன் ஒரு லட்சம் தருகிறேன் என்றால், ஏழைத் தொழிலாளி எந்தப் பக்கம் போவார்?

இங்கிலாந்தில் 1996இல் புதுப் புதையல் சட்டம் கொண்டு வந்தார்கள். கண்டெடுத்த பொருளை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால், நிபுணர் குழு மதிப்பிட்ட சந்தை விலை வெகுமதியாகத் தரப்படுகிறது. கண்டவர் மறைக்க வேண்டிய காரணம் குறைகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. வெகுமதி பெரிதானால் அதற்காகவே ஊரைத் தோண்டுபவர்கள் கிளம்பலாம். ஆகவே தற்செயலாகக் கிடைத்து உடனே அறிவித்தவருக்கு மட்டும் நியாயமான தொகை என்று இருக்க வேண்டும். எப்படியானாலும் உலோக விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு என்ற 1878ஆம் ஆண்டுக் கணக்கு இன்றைக்குச் சரிப்பட்டு வராது என்பது வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லாமலே விளங்கும்.

காவலுக்கு ஆகும் செலவு

இனி பாதுகாப்புக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் 36,000க்கு மேற்பட்ட கோயில்கள் உள்ளன. இதில் பழனி, ஸ்ரீரங்கம் போலப் பெரு வருமானம் உள்ளவை சில. பெரும்பாலானவை விளக்கெண்ணெய்க்கே சிரமப்படுபவை. அதற்காகவே அரசு ஒருகாலப் பூசைத் திட்டம் என்று நடத்தி வருகிறது.

ஒரு காவலாளிக்கு மாதம் பத்தாயிரம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். கிராமத்துக் கோயிலின் ஆண்டு வருமானம் முழுவதையும் போட்டாலும் இது தேறாது. கேமராவும் அலாரமும் வைக்கலாம், நல்லதுதான். ஆனால் மின்சாரம், பழுதுபார்ப்பு, பார்ப்பதற்கு ஆள் என்று அதுவும் தொடர்ந்து வரும் செலவு.

ஆகவே துறையினர் பல கோயில்களின் செப்புத் திருமேனிகளைத் திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள பாதுகாப்பு மையங்களுக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். செலவுக் கணக்கில் இது சிக்கனம். ஒரு கூரை, ஒரு காவல், நூற்றுக்கணக்கான சிலைகள். ஆனால் வரவுப் பக்கத்தில் இழப்பு உண்டு. சுவாமி ஊரை விட்டுப் போனால் திருவிழாவுக்குத்தான் வருவார். பூசை குறையும், கூட்டம் குறையும். கோயிலை ஊர் மறக்கத் தொடங்கும். மறந்துபோன கோயில்தான் திருடனுக்கு வசதியான கோயில்.

ஸ்ரீபுரந்தானில் நடந்ததை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கோயில் பூட்டியே கிடந்தது. 2008இல் மீதிச் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோக வந்தபோதுதான், உள்ளே சிலைகள் இல்லை என்பதே வெளிப்பட்டது. அதற்குள் நடராசர் ஆஸ்திரேலியாவில் விற்றாயிற்று. நம்மில் யாராவது கிடங்கைப் பூட்டிவிட்டு, இரண்டு வருடம் இருப்பு எடுக்காமல் இருப்போமா? பூட்டு பத்திரமாக இருக்கிறது என்பது சரக்கு பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

வாங்குபவன் பயந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் வரத்துப் பக்கம். வரத்தை மட்டும் அடைத்தால் ஒரு சங்கடம் உண்டு. ஏற்றுமதித் தடை போட்டதும் வெளிநாட்டில் சரக்கு குறைந்து விலை இன்னும் ஏறும். விலை ஏறினால் துணிந்து திருடுபவனுக்கு லாபம் கூடும். ஆகவே கேட்பையும் குறைத்தாக வேண்டும்.

கேட்பு எப்படிக் குறையும்? வாங்கிய பணம் போய்விடும் என்ற பயம் வந்தால் குறையும். திருட்டுச் சரக்கை விற்றவனுக்கு உரிமை இல்லையென்றால், வாங்கியவனுக்கும் உரிமை கிடையாது என்பது பொதுவான சட்டம். லண்டனில் அந்தக் கனடா கம்பெனி சிலையை இழந்தது. ஆஸ்திரேலியக் கலைக்கூடம் சிலையைத் திருப்பித் தந்ததோடு, கொடுத்த பணத்துக்காக நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கும் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு சிலை திரும்பும்போதும் அடுத்து வாங்க நினைக்கும் பத்துப் பேர் யோசிக்கிறார்கள். பில் சரியில்லாத சிலைக்கு விலை கேட்க ஆள் குறைகிறது.

சமீப ஆண்டுகளில் இந்தப் பக்கம் நல்ல முன்னேற்றம். 2024 ஜூலையில் அமெரிக்காவும் இந்தியாவும் பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு செப்டம்பரில் 297 பழம்பொருள்களை அமெரிக்கா ஒப்படைத்தது.

ஆனால் இந்தப் பயம் உண்டாவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சிலை எங்கள் கோயிலுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபணம் எங்கிருந்து வரும்? ஸ்ரீபுரந்தான் வழக்கில் கைகொடுத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தார் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களில் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். அந்தச் சேகரிப்பில், 1990களில் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் எடுத்த படத்தில் அதே நடராசர் நிற்கிறார். சட்டம் வருவதற்கு முன்பே வெளிநாடு போன சிலை, இருபது ஆண்டு கழித்துக் கோயிலில் எப்படி இருக்கும்? போலி பில் அந்த இடத்திலேயே கிழிந்துவிட்டது.

ஒரு புகைப்படம் எடுக்க ஆன செலவையும் 20 கோடி ரூபாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காவலாளி ஒரு ராத்திரிக்குத்தான் காவல். பேரேட்டில் ஏறிய பதிவு என்றைக்கும் காவல். திருடன் எடுத்துக்கொண்டு போன பிறகும் அது வேலை செய்கிறது. விற்க முடியாது என்று தெரிந்த சரக்கைத் தரகன் கொள்முதல் செய்யமாட்டான். அவன் வாங்காவிட்டால் பூட்டை உடைப்பவனுக்கும் வேலை இல்லை.

ராஜராஜன் எழுதி வைத்த இருப்பு

இது நாம் வெளிநாட்டாரிடம் கற்க வேண்டிய பாடம் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ராஜராஜ சோழன் காலத்தில் கொடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் அதில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. யார் கொடுத்தது, முழம் விரல் தோரைக் கணக்கில் எவ்வளவு உயரம், எத்தனை கை, பீடம் எவ்வளவு, பிரபை எப்படி என்ற விவரத்தோடு எழுதியிருக்கிறார்கள். பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக் கல்லாலும், ரத்தினம் வைத்த நகைகளைத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்ற எடைக் கல்லாலும் நிறுத்து, அந்த எடையையும் பதித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு முத்திரையிட்ட எடைக் கல்லும் இருப்புப் பேரேடும் வைத்திருந்த நாடு இது.

இன்றைய சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 29ஆவது பிரிவுப்படி, ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். நகைகள், பாத்திரங்கள், மூலவர், உற்சவர் ஆகிய எல்லாத் திருமேனிகளின் விவரமும் அதில் இருக்க வேண்டும். பல சிறு கோயில்களில் அந்தப் பதிவேட்டில் "செப்புச் சிலை 4" என்று ஒரு வரி இருக்கும். "மளிகைச் சாமான் 4 மூட்டை" என்று எழுதிய இருப்பை நம் கணக்கர் ஏற்றுக்கொள்வாரா?

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஊருக்கு ஊர் வணிகர் சங்கம் முன்வந்தால் போதும்.

1. அறங்காவலர், செயல் அலுவலர், குருக்கள் மூவரின் சம்மதத்தோடு, கோயிலின் ஒவ்வொரு செப்புத் திருமேனிக்கும் ஒரு தனிப் பக்கம் திறக்க வேண்டும். பெயர், உயரம், அகலம், எடை, பீடத்தின் வடிவம், எழுத்து ஏதும் இருந்தால் அது, தேய்மானம், உடைந்த விரல், ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் எழுத வேண்டும். அழகைவிடக் குறைதான் அடையாளம் காட்டும்.

2. முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் அளவுகோல் வைக்க வேண்டும். அலங்காரத்தோடு எடுத்த படம் பூசைக்கு அழகு, வழக்குக்கு உதவாது. திருமஞ்சனத்துக்கு அலங்காரம் களையும் நேரத்தில் குருக்களே பார்த்து, முறைப்படி எடுக்கச் சொல்லலாம். உலக அருங்காட்சியகங்களும் போலீசாரும் 1997 முதல் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற ஒரே மாதிரிப் படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கேட்கும் விவரங்களும் ஏறக்குறைய இவையே.

3. இந்தப் பேரேடு மூன்று பிரதி. ஒன்று கோயிலில், ஒன்று அறநிலையத் துறை அலுவலகத்தில், ஒன்று ஊருக்கு வெளியே ஒரு வங்கிப் பெட்டகத்தில். கணக்குப் புத்தகமும் கல்லாவும் ஒரே இடத்தில் இருந்து, இரண்டும் சேர்ந்து போன கதைகள் நமக்குத் தெரியும். இந்த விவரங்களை யாருக்கும் கைபேசியில் அனுப்பி வேடிக்கை காட்டக் கூடாது.

4. நாம் வருடக் கடைசியில் இருப்பு எடுப்பது போல, வருடம் ஒருமுறை பேரேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. சிவபுரத்தில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அளவையும் எடையையும் குறையையும் ஒத்துப் பார்த்தால்தான் நகல் பிடிபடும். பழுதுபார்க்க அனுப்பித் திரும்பும் சிலையை அன்றே சோதிக்க வேண்டும்.

5. பூசையில்லாமல் பூட்டிக் கிடக்கும் கோயில் உங்கள் ஊரில் இருந்தால், மகமை நிதியில் ஒரு வேளை விளக்குக்கு வழி செய்யுங்கள். தினமும் ஒருவர் கதவைத் திறந்தால் அதுவே காவல். அதற்கு ஆகும் எண்ணெயும் திரியும் நம் கடையிலேயே இருக்கிறது.

6. பாத்திரக் கடை, பழைய உலோகக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மணி, தூக்கு விளக்கு, கலசம், திருவாசித் துண்டு என்று யாராவது மலிவாகக் கொண்டு வந்தால் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் குற்றம். கிலோவுக்கு நூறு ரூபாய் லாபம் பார்க்கப் போய்க் கடையின் பெயரே போய்விடும். நியாயமாக உங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த நூறு ஆண்டு கடந்த சிலை இருந்தால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் பதிவு அலுவலரிடம் புகைப்படத்தோடு பதிவு செய்து சான்று வாங்கி வையுங்கள்.

7. "அரிசியை இழுக்கும் கலசம் இருக்கிறது, கோடிக்கு வாங்க வெளிநாட்டுக் கம்பெனி காத்திருக்கிறது" என்று 'ரைஸ் புல்லிங்' கும்பல் வந்தால், உடனே போலீசாரிடம் சொல்லுங்கள். அரிசியை இழுக்கும் செம்பு உலகத்தில் கிடையாது. இந்தப் புரளியை நம்பிப் பணத்தை இழந்தவர்களும் உண்டு, இதற்காகக் கோபுரக் கலசங்களைத் திருடியவர்களும் உண்டு.

சிலை காணாமல் போனது தெரிந்தால், ஊர்ப் பெயர் கெடும் என்று மூடி மறைக்காமல் அன்றே உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். சிலைத் திருட்டைத் துப்புத் துலக்குவதற்கென்றே 1983 முதல் தமிழகக் காவல் துறையில் தனிப் பிரிவு இயங்குகிறது. முதல் தகவல் அறிக்கை இல்லாத திருட்டை வெளிநாட்டு நீதிமன்றத்தில் எதை வைத்து நிரூபிப்பது?

நம் சங்கத்தின் அடுத்த செயற்குழுவில், ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் ஒரு கோயிலையாவது எடுத்து இந்தப் பேரேட்டை எழுதி முடிப்பது என்று தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறேன். ஒரு அளவு நாடா, ஒரு தராசு, ஒரு கேமரா, ஒரு தடித்த நோட்டு, இரண்டு நாள் வேலை. இருப்பு எடுக்கத் தெரிந்தவர்கள் நம்மைவிட வேறு யார்?